கேளா ஒலி சொல்லும் முன்னெச்சரிக்கை

கருவுற்ற பெண் நலமாக இருக்கிறாளா என்பதை அறிய நம் இல்லங்களில் மூத்தோர் சில அளவுகோல்களைக் கைக்கொள்வர். முகம் தெளிந்திருக்கிறதா, உண்ட உணவு தங்குகிறதா, இரவில் உறக்கம் வருகிறதா, குழந்தை துள்ளுகிறதா என்று கேட்பர். இவை யாவும் நல்ல கேள்விகளே. தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டு வந்தவையே. ஆயினும், இக்கேள்விகள் அனைத்திற்கும் குறையின்றி விடை பகரும் பெண்ணின் உடலினுள்ளும், எவரும் அறியா வண்ணம் ஒரு கொடிய நோய் வேர் ஊன்றியிருத்தல் கூடும். அவளுக்கு வலி இராது, காய்ச்சல் இராது, சோர்வுகூட இராது. ஏழாம் மாதத்திலோ எட்டாம் மாதத்திலோ ஒரு நாள் தாங்கொணாத் தலைவலி வரும், கண் இருளும், கை கால் வெட்டி இழுக்கும். "நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தாள்!" என்று வீட்டார் கலங்கி நிற்பர்.

நம் முன்னோர் இதனைப் பிரசவ சன்னி என்றனர். பேய்க்கோளாறு என்று அஞ்சினோரும் உண்டு. மருத்துவ நூலார் இதனை 'எக்ளாம்சியா' என்பர். மின்னல் வெட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்த பெயர் அது. தமிழில் சூல்வலிப்பு எனலாம். ஆனால் மின்னலுக்கு முன் மேகம் திரள்வதுபோல் இவ்வலிப்புக்கு முன்னரும் ஒரு நிலை உண்டு. கருவுற்று 20 வாரங்கள் கடந்தபின் இரத்தக் கொதிப்பு ஏறுகிறது. அதனுடன் சிறுநீரில் புரதம் கலந்து வெளியேறுகிறது, அல்லது சிறுநீரகம், கல்லீரல், மூளை முதலிய உறுப்புகள் பழுதுறத் தொடங்குகின்றன. இந்நிலைக்கு 'ப்ரீஎக்ளாம்சியா', அதாவது சூல்வலிப்பின் முன்நிலை என்று பெயர்.

உலகெங்கும் நூறு தாய்மாருள் 2 முதல் 8 பேர்வரை இந்நோய்க்கு ஆளாகின்றனர். ஆண்டுதோறும் ஏறத்தாழ 46,000 தாய்மாரும், 5 இலட்சம் சிசுக்களும் இதனால் உயிர் இழப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இவர்களுள் மிகப் பெரும்பாலோர் வசதி குறைந்த நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

மேகம் திரளுமுன்னரே, வானம் தெளிவாக இருக்கும்போதே, இன்ன பெண்ணுக்கு இந்நோய் வரக்கூடும் என்று சொல்ல இயலுமா? பெருமளவுக்கு இயலும் என்பதே இன்றைய மருத்துவத்தின் விடை. அவ்வாறு சொல்லத் துணை நிற்பனவற்றுள் ஒன்று, 'ஸ்கேன்' என்று நாம் அனைவரும் அறிந்துள்ள கேளா ஒலிக் கருவியாகும். குழந்தையின் படத்தைக் காட்டும் கருவி என்றே அதனைப் பலரும் எண்ணியிருக்கின்றனர். தாயின் குருதியோட்டத்தை அளந்து, வரப்போகும் ஆபத்தையும் அஃது உணர்த்த வல்லது என்பதைச் சிலரே அறிவர்.

நோயின் பிறப்பிடம்

இரத்தக் கொதிப்பு என்றதும் இதயத்தையோ, உணவிலுள்ள உப்பையோ, மனக்கவலையையோ காரணம் காட்டுவது நம் வழக்கம். ஆனால் இந்நோயின் பிறப்பிடம் நஞ்சுக்கொடியே ஆகும். இதற்கு ஒரு சான்று உண்டு. கருப்பையில் குழந்தை உருவாகாமல் நஞ்சுக்கொடியின் திசு மட்டும் குலைகுலையாக வளர்வதை முத்துப்பிள்ளைக் கர்ப்பம் என்பர். அங்கே குழந்தையே இல்லை. எனினும் இந்நோய் வருகிறது. நஞ்சுக்கொடி உடலைவிட்டு நீங்கியபின் நோய் மெல்ல மெல்லத் தணிகிறது. குழந்தையையும் நஞ்சுக்கொடியையும் வெளிக்கொணர்வதைத் தவிர இதற்கு முடிவான மருந்து இல்லை என்று மருத்துவர்கள் கூறுவதன் பொருள் இதுவே. ஆகையால்தான் 28 வாரத்திலோ 30 வாரத்திலோ இந்நோய் முற்றினால் மருத்துவர் இருதலைக் கொள்ளி எறும்புபோல் ஆகிறார். பிரசவத்தைத் தள்ளிப்போட்டால் தாய்க்கு ஆபத்து. விரைவுபடுத்தினால் முதிராத குழந்தைக்கு ஆபத்து.

நஞ்சுக்கொடியில் நேரும் குறை யாது? உழவர் பெருமக்கள் இதனை எளிதில் உணர்வர். ஆற்றிலிருந்து வரும் பெரிய வாய்க்கால் நிரம்ப ஓடினாலும், வயலுக்குள் நீர் பாயும் மடைகள் குறுகலாக இருந்தால் என்ன ஆகும்? பயிர் வாடும், மடையின் வாயில் நீர் முட்டி எதிர்த்து நிற்கும். கருப்பையிலும் அவ்வாறே. இடப்புறமும் வலப்புறமுமாக இரு பெரிய கருப்பைத் தமனிகள் குருதியைக் கொண்டுவருகின்றன. அவை பல கிளைகளாகப் பிரிந்து, இறுதியில் சுருள் சுருளான சிறு தமனிகளாக முடிகின்றன. கருவுற்ற தொடக்க மாதங்களில் நஞ்சுக்கொடியின் உயிரணுக்கள் இச்சுருள் தமனிகளுக்குள் புகுந்து, அவற்றின் தசைச் சுவரைக் கரைத்து, குறுகிய குழாய்களை அகன்ற வாய்களாக மாற்றி விடுகின்றன. மடை திறந்த வாய்க்கால்போல் குருதி அமைதியாக உட்பாய்கிறது. நிறைமாதத்தில் நிமிடத்திற்கு அரை லிட்டருக்கு மேற்பட்ட குருதி கருப்பைக்குச் செல்வது இம்மாற்றத்தினாலேயே.

சில பெண்களுக்கு இம்மாற்றம் முழுமையடைவதில்லை. இவோ பிரோசென்ஸ், ராபர்ட்சன், டிக்சன் என்னும் ஆய்வாளர்கள் 1967ஆம் ஆண்டில் இத்தமனிகள் இயல்பான கர்ப்பத்தில் எவ்வாறு மாறுகின்றன என்பதை நுண்ணோக்கியின் துணையால் விளக்கினர். இந்நோயுற்றவரிடம் அம்மாற்றம் குறைப்பட்டிருப்பது தொடர்ந்து வந்த ஆய்வுகளில் தெளிவாயிற்று. குறுகிய தமனிகளின் வழியே போதிய குருதி பெறாத நஞ்சுக்கொடி நலிவுறுகிறது. நலிவுற்ற நஞ்சுக்கொடி தாயின் குருதியில் தீங்கு பயக்கும் பொருள்களைக் கலக்கிறது. அப்பொருள்களுள் முதன்மையான ஒரு புரதத்தை 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இனங்கண்ட குழுவை வழிநடத்தியவர் அனந்த் கருமஞ்சி. இவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். அப்புரதம், குருதிக் குழாய்களைப் பேணும் நஞ்சுக்கொடி வளர்ச்சிக் காரணி என்னும் நற்பொருளைப் பற்றிப் பிடித்துச் செயலறச் செய்கிறது. சினையுற்ற எலிகளுக்கு அப்புரதத்தைச் செலுத்தியபோது அவற்றுக்கும் இரத்தக் கொதிப்பு ஏறியது. சிறுநீரில் புரதம் வெளிப்பட்டது.

ஆக, ஏழாம் மாதத்தில் வெடிக்கும் நோய்க்கு மூன்றாம் மாதத்திற்குள்ளாகவே வித்து இடப்பட்டுவிடுகிறது. அந்த வித்தைக் காண்பது எவ்வாறு என்பதே மருத்துவ உலகின் முன் நின்ற கேள்வி.

தொழிற்சாலையிலிருந்து பிரசவ அறைக்கு

மனிதர் செவிக்கு எட்டாத உயர்ந்த அதிர்வுடைய ஒலியே கேளா ஒலி எனப்படும். உலோகத் தகடுகளில் கண்ணுக்குப் புலப்படாத விரிசல்களைக் கண்டறியத் தொழிற்சாலைகள் இதனைப் பயன்படுத்தி வந்தன. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருந்த இயன் டொனால்டு, இரண்டாம் உலகப் போரின்போது விமானப்படையில் பணியாற்றியவர்; இத்தகைய கருவிகளின் ஆற்றலை அங்கே அறிந்தவர். 1955ஆம் ஆண்டில் அவர், அறுவை செய்து எடுத்த கட்டிகளைக் கொதிகலன் தொழிற்சாலை ஒன்றுக்குக் கொண்டு சென்று, விரிசல் காணும் கருவியால் அவற்றைச் சோதித்துப் பார்த்தார். நீர்க்கட்டியும் திசுக்கட்டியும் வெவ்வேறு எதிரொலி தந்தன. பின்னர் டாம் பிரவுன் என்னும் இளம் பொறியாளரும் ஜான் மெக்விகார் என்னும் மருத்துவரும் அவருடன் இணைந்தனர். 1958ஆம் ஆண்டு 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் இம்மூவரும் வெளியிட்ட கட்டுரையே மகப்பேற்று மருத்துவத்தில் ஸ்கேன் பரிசோதனைக்குக் கால்கோள் ஆயிற்று.

ஆனால் உருவத்தைக் காட்டும் ஒலி, ஓட்டத்தைக் காட்ட வேண்டுமானால் மற்றுமொரு உண்மை தேவைப்பட்டது. இரயில் வண்டி நம்மை நோக்கி வரும்போது அதன் ஊதல் ஒலி கூர்மையாகவும், நம்மைக் கடந்து அகலும்போது தாழ்ந்தும் கேட்பதை நிலையத்தில் நின்ற எவரும் கவனித்திருப்பர். இவ்வியல்பை 1842ஆம் ஆண்டில் பிராக் நகரில் எடுத்துரைத்தவர் கிறிஸ்டியன் டாப்ளர் என்னும் ஆஸ்திரிய அறிஞர். அவர் சிந்தித்ததோ இரட்டை விண்மீன்களின் நிறத்தைப் பற்றி! விண்மீனை நோக்கி எழுந்த சிந்தனை, ஒரு நூற்றாண்டுக்குப்பின் தாயின் குருதிக் குழாய்க்கு வந்து சேர்ந்தது. ஓடும் குருதியணுக்களின்மீது கேளா ஒலியைச் செலுத்தினால், திரும்பும் எதிரொலியின் அதிர்வு, குருதியின் வேகத்திற்கேற்ப மாறுகிறது. 1950களில் ஜப்பானின் ஒசாகா நகரில் ஷிகெயோ சதோமுரா இதனை மனித உடலில் பயன்படுத்திக் காட்டினார். 1977ஆம் ஆண்டில் அயர்லாந்தின் டப்ளின் நகரில் குழந்தையின் தொப்புள்கொடிக் குருதியோட்டம் இவ்வாறு அளக்கப்பட்டது. 1983ஆம் ஆண்டில் இலண்டனில் ஸ்டூவர்ட் கேம்பெல் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும், தாயின் கருப்பைக்குச் செல்லும் குருதியை இம்முறையால் ஆராய்ந்து, குருதியோட்டம் தடைப்பட்ட தாய்மாருக்கு இரத்தக் கொதிப்பும் குழந்தை வளர்ச்சிக் குறைவும் மிகுதியாக நேர்வதைக் கண்டனர்.

மருத்துவர் திரையில் காண்பது என்ன?

இப்பரிசோதனையின்போது தாய் உணர்வது வழக்கமான ஸ்கேனில் உணர்வதைவிட வேறு ஒன்றும் இல்லை. ஊசி இல்லை, வலி இல்லை. அடிவயிற்றின் இருபுறமும் கருவியை வைத்து, கருப்பைத் தமனியின்மீது குறி பதிக்கிறார் மருத்துவர். திரையில் அலையலையாக ஒரு கோடு ஓடுகிறது. இதயம் சுருங்கும்போது அலை உயர்கிறது. இதயம் ஓய்வெடுக்கும்போது தாழ்கிறது.

மடைகள் நன்கு திறந்திருந்தால், இதயம் ஓய்வெடுக்கும் வேளையிலும் குருதி தங்குதடையின்றி முன்னோக்கி ஓடிக்கொண்டே இருக்கும். ஆகையால் அலை மிகவும் தாழ்வதில்லை. மடைகள் குறுகியிருந்தால், உச்சிக்கும் அடிக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிதாகிறது. சில வேளைகளில் அலையின் சரிவில் ஒரு பள்ளமும் தோன்றுகிறது. அலையின் உயரத்திலிருந்து தாழ்வைக் கழித்து, அதனைச் சராசரி வேகத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அதனைத் துடிப்புக் குறியெண் எனலாம். மருத்துவ அறிக்கையில் 'பி.ஐ.' என்று எழுதுவர். இருபுறத்து எண்களின் சராசரி, அந்த வாரத்துக்கு உரிய அளவைக் காட்டிலும் மிகுந்திருப்பின் அஃது எச்சரிக்கை.

நான்கு சாட்சிகள்

வழக்கு மன்றத்தில் ஒரே சாட்சியின் சொல்லைக்கொண்டு தீர்ப்பு வழங்கத் தயங்குவர். அதுபோலவே, கேளா ஒலியின் சொல்லை மட்டும் கொண்டு இந்நோயை முன்னறிய முற்பட்டபோது பலர் தவறவிடப்பட்டனர். பலர் வீணே அச்சுறுத்தப்பட்டனர். ஆகவே சாட்சிகளைச் சேர்த்து விசாரிக்கும் முறையை வகுத்தார் கிப்ரோஸ் நிக்கோலைடிஸ். சைப்ரஸ் தீவில் பிறந்து இலண்டனில் பணிபுரியும் இவர், கருவில் வளரும் குழந்தைக்கான மருத்துவத்தின் முன்னோடிகளுள் ஒருவர். கருவுற்ற 11ஆம் வாரம் தொடங்கி 14ஆம் வாரம் நிறைவதற்குள் நான்கு செய்திகளைத் திரட்டி, அவற்றை ஒருங்கே கணக்கிடுவது இவருடைய முறை.

முதலாவது, தாயின் வரலாறு. இது முதற் கர்ப்பமா? முன்பு இந்நோய் வந்ததுண்டா? தாய்க்கோ உடன்பிறந்த சகோதரிக்கோ வந்ததுண்டா? நீரிழிவு, சிறுநீரக நோய், முன்பே உள்ள இரத்தக் கொதிப்பு ஆகியவை உண்டா? வயது, உடல் எடை என்ன?

இரண்டாவது, இரத்த அழுத்தம். ஐந்து நிமிடம் அமைதியாக அமரச் செய்து, இரு கைகளிலும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அளக்கின்றனர். மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழித்து, மூன்றில் ஒரு பங்கைக் கீழ் எண்ணுடன் கூட்டினால் சராசரி அழுத்தம் கிடைக்கும். ஒருத்திக்கு 120/75 என்றால் சராசரி 90. மற்றொருத்திக்கு 126/84 என்றால் சராசரி 98. நோய் என்று சொல்லப்படும் 140/90 என்னும் எல்லைக்கு இருவருமே கீழே உள்ளனர். சாதாரணமாக இருவரையும் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லி அனுப்பி விடுவர். ஆனால் மூன்றாம் மாதத்தில் காணும் இவ்வேறுபாட்டுக்கும் பொருள் உண்டு.

மூன்றாவது, முன்னர்க் கூறிய கருப்பைத் தமனியின் துடிப்புக் குறியெண்.

நான்காவது, குருதியில் உள்ள நஞ்சுக்கொடி வளர்ச்சிக் காரணியின் அளவு. அது குறைந்திருப்பின் நஞ்சுக்கொடி நலிவுற்றிருக்கிறது என்பது குறிப்பு.

இந்நான்கு சாட்சிகளையும் ஒருங்கே கேட்டபோது, 37 வாரத்துக்கு முன்பே பிரசவத்தை மேற்கொள்ளச் செய்யும் கடும் நோய்க்கு ஆளாகவிருந்த நூறு பேரில் ஏறத்தாழ 77 பேரை முன்கூட்டியே அறிய முடிந்தது. நிறைமாதத்தில் வரும் நோயைப் பொறுத்தவரையில் 43 பேரையே அறிய முடிந்தது. தாய்க்கும் சேய்க்கும் பெருந்தீங்கு விளைப்பது முன்னதே ஆதலால் இது பெரும் பேறே ஆகும்.

பழைய மாத்திரை, புதிய பணி

முன்னறிந்து பயன் என்ன? தடுக்க வழியில்லாத துன்பத்தை முன்கூட்டிச் சொல்வது, நோயாளிக்கு அச்சத்தை மட்டுமே பரிசளிப்பதாகும். இங்கேதான் ஆஸ்பிரின் என்னும் பழைய, விலை மலிந்த மாத்திரை வந்து சேர்கிறது.

இம்மாத்திரை இந்நோயைத் தடுக்குமா என்ற ஆய்வு நெடுங்காலமாக நடந்து வந்தது. 1994ஆம் ஆண்டில் 9,364 பெண்களிடம் நடைபெற்ற பெரிய ஆய்வில், நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் ஆஸ்பிரின் தந்தும் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. மருத்துவ உலகம் சோர்வுற்றது. ஆனால் பின்னர் பல ஆய்வுகளை ஒருங்கே சேர்த்து நோக்கியபோது, 16ஆம் வாரத்துக்கு முன் தொடங்கியவர்களுக்குப் பயன் கிட்டியதும், பின்னர்த் தொடங்கியவர்களுக்கு அவ்வளவாகக் கிட்டாததும் தெரிய வந்தது. சுருள் தமனிகள் விரிவடையும் காலம் கழிந்தபின் மருந்து தருவது, கதிர் முற்றியபின் நீர் பாய்ச்சுவதற்கு ஒப்பானது போலும்!

இதனைத் தெளிவுபடுத்த இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி, பெல்ஜியம், கிரீஸ், இஸ்ரேல் ஆகிய நாடுகளின் 13 மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடைபெற்றது. 'ஆஸ்ப்ரே' என்னும் பெயருடைய அவ்வாய்வின் முடிவு 2017ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஏறத்தாழ 27,000 பெண்களை மேற்கூறிய முறையில் சோதித்து, ஆபத்து மிகுந்தவர்களுள் 1,776 பேரை ஆய்வில் சேர்த்தனர். ஒரு பாதியினருக்கு 11 முதல் 14ஆம் வாரத்துக்குள் தொடங்கி 36ஆம் வாரம்வரை இரவுதோறும் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின். மறுபாதியினருக்கு மருந்தில்லாப் போலி மாத்திரை. யாருக்கு எது என்பதைத் தாயும் அறியார், மருத்துவரும் அறியார். இறுதியில், போலி மாத்திரை உண்ட 822 பேரில் 35 பேருக்குக் குறைமாதத்தில் நோய் வந்தது. ஆஸ்பிரின் உண்ட 798 பேரில் 13 பேருக்கே வந்தது. நூற்றுக்கு 4.3 என்பது 1.6 ஆகக் குறைந்தது. 2019ஆம் ஆண்டில் சர்வதேச மகப்பேறு மகளிர் மருத்துவக் கூட்டமைப்பு, கருவுற்ற எல்லாப் பெண்களுக்கும் முதல் மூன்று மாதங்களுக்குள் இத்தகைய பரிசோதனை செய்தல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது.

இதனுடன் சுண்ணாம்புச் சத்தையும் குறிப்பிடுதல் வேண்டும். உணவில் கால்சியம் குறைந்த மக்களிடையே, கர்ப்பிணிகளுக்குக் கால்சியம் மாத்திரை தருவதால் இந்நோய் குறைகிறது. நாள்தோறும் 1,500 மில்லிகிராம் தேவை என்று முன்பு கருதப்பட்டது. பெங்களூரு புனித யோவான் ஆராய்ச்சி நிறுவனத்தார் நடத்திய ஆய்விலும், தான்சானியா நாட்டில் நடந்த ஆய்விலும் தலா 11,000 பெண்கள் பங்கேற்றனர். 500 மில்லிகிராமே அதற்கு ஈடான பயன் தருகிறது என்னும் முடிவு 2024ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. ஏழைக் குடும்பங்களுக்கு இஃது எத்துணை எளிய செய்தி!

அளவறிந்து நம்புவோம்

புதிய கருவியைக் கண்டதும் அதனை எல்லாம் வல்லதாகக் கருதுவது மனித இயல்பு. ஆகவே சில தெளிவுகள் தேவை.

முதலில், 'ஆபத்து மிகுதி' என்று அறிக்கை வந்தால் நோய் வந்துவிட்டது என்று பொருள் அன்று. மேற்கூறிய ஆய்வையே மீண்டும் நோக்குங்கள். ஆபத்து மிகுந்தவர் எனக் குறிக்கப்பட்டு, மருந்தே பெறாதவர்களிலும் நூற்றுக்கு 95 பேருக்கு மேற்பட்டோர் குறைமாத நோயின்றித் தப்பினர். ஆதலால் அறிக்கையைக் கண்டு மனமுடைதல் வேண்டா. அப்பெண்ணை நோயாளியாக நடத்துதலும் வேண்டா. அடிக்கடி அளந்து பார்க்க வேண்டியவள் என்பதே அதன் பொருள்.

இரண்டாவதாக, அறிக்கை நன்றாக வந்துவிட்டால் இனிக் கவலை இல்லை என்றும் இராதீர். நூற்றுக்கு 77 பேர் அறியப்பட்டனர் என்றால் 23 பேர் தவறினர் என்பது பொருள். எனவே மூன்றாம் மாத ஸ்கேன் எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஒவ்வொரு முறை மருத்துவமனை செல்லும்போதும் இரத்த அழுத்தத்தை அளப்பதையும், சிறுநீர்ப் பரிசோதனையையும் விடுதல் கூடாது. கையில் பட்டை சுற்றி அளக்கும் அந்த எளிய கருவியே இன்றும் காவல் தெய்வம்.

மூன்றாவதாக, ஆஸ்பிரினை மருந்துக் கடையில் நாமே வாங்கி உண்பது தவறு. குடற்புண் உள்ளோர்க்கும், அம்மருந்து ஒவ்வாதோர்க்கும், இரத்தம் எளிதில் உறையாத நோயுடையோர்க்கும் அது தீங்காகும். யாருக்கு, எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்பவற்றை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும். மாதம் கடந்தபின் தொடங்கிப் பெரும்பயன் இல்லை என்பதையும் முன்னரே கண்டோம்.

நான்காவதாக, ஸ்கேன் என்னும் நற்கருவியை நம் நாட்டில் நெடுங்காலம் ஒரு பழி தொடர்ந்து வந்தது. பெண் குழந்தையா என்று அறிந்து கருவிலேயே அழிப்பதற்கு அதனைப் பயன்படுத்திய கொடுமையை யார் மறப்பர்? அதனைத் தடுக்க 1994ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்வதும் குற்றம். சொல்லுமாறு கேட்பதும் குற்றம். மூன்றாண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. ஸ்கேன் அறையில் கேட்கக் கூடாத கேள்வி அது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "டாக்டர், என் மனைவியின் கருப்பைக்கு இரத்தம் நன்றாகப் போகிறதா? அதையும் அளந்து பார்த்தீர்களா?"

நம் குடும்பங்களின் கடமை

கர்ப்பம் தரித்த செய்தியை மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லலாகாது என்னும் வழக்கம் நம் ஊர்களில் இன்றும் உண்டு. கண்ணேறு படும் என்பர். கரு நிலைக்கட்டும் என்பர். ஊராருக்குச் சொல்லாமல் இருப்பதால் ஒரு கேடும் இல்லை. ஆனால் அவ்வழக்கத்தைக் காரணம் காட்டி, மருத்துவமனைக்கும் நான்காம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோ செல்வோமாயின், சாட்சிகளை விசாரிக்கும் காலமும் மருந்து தொடங்கும் காலமும் கை நழுவிப் போகும். ஊருக்கு மறைப்பதை மருத்துவருக்கு மறைத்தல் ஆகாது. மாதவிலக்கு தள்ளிப்போனதும் பதிவு செய்துகொள்வதும், 11 வாரத்துக்கும் 14 வாரத்துக்கும் இடையில் ஸ்கேன் எடுத்துக்கொள்வதும் முதற்கடமை. குழந்தையின் கழுத்துப் பகுதியை அளக்க அவ்வேளையில் எடுக்கும் ஸ்கேனிலேயே கருப்பைத் தமனியையும் சில நிமிடங்களில் அளந்துவிடலாம். தனியாக ஒரு பயணம் தேவையில்லை. நம் நாட்டின் கதிரியக்க மருத்துவர் சங்கம் 2019ஆம் ஆண்டில் 'சம்ரக்ஷண்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, டாப்ளர் முறையால் இத்தகைய தாய்மாரை முன்கூட்டியே கண்டறியும் பணியைப் பரப்பி வருகிறது.

குருதிப் பரிசோதனைக்கு வசதி இல்லாத இடங்களில் என் செய்வது? வரலாறு, இரத்த அழுத்தம், ஸ்கேன் ஆகிய மூன்றையும் கொண்டே பெரிதும் அறியலாம். ஸ்கேனும் இல்லாத இடத்தில், முதல் இரண்டையும் கொண்டு செயலாற்றலாம். முன் கர்ப்பத்தில் இந்நோய் கண்டவர், இரட்டைக் குழந்தை தாங்கியவர், நீரிழிவோ சிறுநீரக நோயோ இரத்தக் கொதிப்போ உடையவர் ஆகியோருக்குச் சிற்றளவு ஆஸ்பிரின் தருமாறு உலக சுகாதார நிறுவனம் 2011ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்துள்ளது. மத்திய அரசின் திட்டப்படி 2016ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாள், நான்காம் மாதம் தொடங்கிய கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனைகளில் இலவசப் பரிசோதனை நடைபெறுகிறது. அதனையும் பயன்படுத்திக் கொள்வோம்.

வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீடு செல்வது நம் இனிய மரபு. ஆனால் ஏழாம் மாதமே இந்நோய் தலைகாட்டும் மாதமும் ஆகும். கணவன் ஊரில் பார்த்த மருத்துவர் ஒருவர்; தாய்வீட்டில் பார்ப்பவர் வேறொருவர். பட்டுச் சேலையையும் பலகாரத்தையும் மறவாமல் கட்டி அனுப்பும் நாம், ஸ்கேன் அறிக்கைகளையும் இரத்த அழுத்தம் குறித்த அட்டையையும் வீட்டில் விட்டுச் செல்வது எத்துணைப் பேதைமை! அந்தக் காகிதக் கட்டே அவளுடன் முதலில் பயணப்பட வேண்டும்.

கீழ்க்காணும் அறிகுறிகளைக் கணவரும் மாமியாரும் தாயாரும் மனத்தில் பதித்துக்கொள்ளல் வேண்டும். விடாத கடுந்தலைவலி, கண்ணில் பொறி பறத்தல் அல்லது பார்வை மங்கல், மேல்வயிற்றில், குறிப்பாக வலது விலாவின் கீழ் வலி, முகமும் கைகளும் திடீரென வீங்குதல், மூச்சுத் திணறல், சிறுநீர் குறைதல், குழந்தையின் அசைவு குறைதல். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் கசாயம் வைத்துப் பார்ப்போம், விடியட்டும் என்று காத்திருத்தல் தகாது. அன்றே, அந்நேரமே மருத்துவமனை செல்லல் வேண்டும். இரத்த அழுத்தம் 160/110 ஆகிவிட்டால் ஒவ்வொரு நிமிடமும் விலை மதிப்புடையது. அங்கே வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் என்னும் எளிய மருந்து உண்டு. 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மாரிடம் நடந்து 2002ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, அம்மருந்து வலிப்பைப் பாதிக்கு மேல் குறைப்பதை மெய்ப்பித்தது. பிள்ளை பிறந்தபின்னும் ஆபத்து உடனே நீங்கி விடுவதில்லை. பிரசவத்துக்குப் பின் முதல் வாரத்தில் வலிப்புக் கண்டவர்கள் உண்டு. ஆறு வாரம்வரை விழிப்புத் தேவை.

இந்நோய் கண்டு மீண்ட பெண்ணைக் குடும்பத்தார் குறை கூறுவதும் ஆங்காங்கே நடக்கிறது. "உப்பைக் குறைத்திருக்கலாம்," "வேலை செய்யாமல் இருந்ததால் வந்தது," "கவலைப்பட்டே வரவழைத்துக்கொண்டாள்" என்பர். மூன்றாம் மாதத்துக்குள் கருப்பையின் ஆழத்தில், எவர் கைக்கும் எட்டாத சிறு குழாய்களில் நிகழ்ந்த ஒன்றுக்கு அவள் எவ்வாறு பொறுப்பாவாள்? அவளுக்கு வேண்டியது பழிச்சொல் அன்று. பிற்காலத்தில் அவளுக்கு இரத்தக் கொதிப்பும் இதய நோயும் வரும் வாய்ப்பு பிறரைவிட மிகுதி. ஆதலால் ஆண்டுதோறும் அவளை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் அன்பே வேண்டும்.

ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்துக்கும் ஸ்கேனுக்கும் பணம் புரட்டி, மூன்றாம் மாதத்தில் மனைவியை அழைத்துச் செல்வது எளிய குடும்பத்துக்குச் சுமைதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் பன்னிரண்டாம் வாரத்தில் செலவாகும் அந்த ஒரு நாள், முப்பதாம் வாரத்தில் தாயையும் சேயையும் காக்கும் நாளாக அமையக் கூடும். இன்று உங்கள் வீட்டில் கருவுற்ற பெண் இருப்பாளாயின், வாரக் கணக்கை இப்போதே எண்ணிப் பாருங்கள்.